உறை போட்ட வண்டி

வண்டிகளைப் படம் பிடித்தே பெயர் வாங்கிய நஹ்லாவுக்கு வண்டிகளைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. எதையும் நிறத்தை வைத்துத்தான் சொல்லுவாள். தன் காரையே 'அந்த வெள்ளை' என்பாள். கெய்ரோவில் பாதிக் கார்கள் வெள்ளை என்பதால், அவள் வருவாள் என்று தெருமுனையில் காத்து நின்றவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவள் பார்த்ததெல்லாம் வண்டியின் மேல் கிடந்த துணியைத்தான். துணி என்று வந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நுண்கலைக் கல்லூரியிலிருந்து வெளியே வந்ததும் பத்து வருஷம் எல்லாரையும்போல வயிற்றுப்பாட்டுக்குப் படம் எடுத்தாள். கல்யாணங்கள், குளிர்சாதனப் பெட்டி விளம்பரங்கள், தேர்தலில் நிற்பவர்களின் சிரித்த முகங்கள். கல்யாணப் பெண்ணின் மூக்கைச் சின்னதாக்கிக் கொடு, வேட்பாளரின் தொப்பையைக் குறைத்துக் கொடு என்று கேட்டுக் கேட்டு ஒருநாள் வெறுத்துப்போய், கைவளையல்களை விற்று, மூன்று கால் தாங்கியில் நிற்கும் ஒரு பெரிய பழைய மரக் கேமரா வாங்கினாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் அதில் பார்க்க முடியும். உள்ளே உலகம் தலைகீழாகத் தெரியும். அப்போது அவளுக்கு வயது முப்பத்து மூன்று.

அந்த வசந்தத்தில் முதல் மணற்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, கெய்ரோவின் ஹீலியோபோலிஸ் பகுதியில் ஒரு சின்னத் தெருவில் அவள் அந்த வண்டியைக் கண்டாள். பழைய மஞ்சள் சுவர், அதன்மேல் சாய்ந்த ஆலமர நிழல், கீழே தரைவரைக்கும் உறை போட்ட ஒரு கார். வெளிறிய காக்கித் துணி. ஒரு மூலையில் கிழிந்த இடத்தில் நீலப் பூப்போட்ட திரைச்சீலைத் துண்டை வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் மாவு தூவியதுபோல மணல். நஹ்லா அதைப் படம் எடுத்தாள். மறு வருஷமும் மணற்காற்றுக்கு மறுநாள் வந்தாள். வண்டி அதே இடத்தில் நின்றது. மூன்றாவது வருஷமும் நின்றபோது, இனி இதைவிட்டுத் தான் எங்கேயும் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டு வசந்தம், பன்னிரண்டு படம், ஒரே வண்டி. 'நகராதது' என்று அதற்குப் பெயர் வைத்தாள். வேறு எத்தனையோ எடுத்தாள், மொட்டை மாடிகள், மூடிய கடைகள், துணி காயும் கொடிகள். ஆனால் அவள் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு நினைவு வந்தது அந்த வண்டிதான். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இடிந்தும் எழும்பியும் ஓடியும் களைத்த ஊரின் நடுவில் அசைய மறுக்கும் ஒரு பொருள் என்றார் ஒருவர். உறையின்மேல் காலமே தூசியாகப் படிந்திருக்கிறது என்றார் இன்னொருவர். விமர்சகர்கள் வீட்டில் தூசி தட்டுகிறவர்கள் இல்லை போலும்.

அந்தத் தெருவுக்கு ஒரு காவல் தெய்வம் உண்டு. பெயர் பெகீத். தெற்கே சோஹாக் பக்கத்து மனிதர். அறுபதை ஒட்டிய வயது, எப்போதும் கணுக்கால்வரை தொங்கும் சாம்பல் நிறக் கலாபியா. தெருவில் வண்டிகளை நிறுத்தி வைப்பதும், தள்ளுவதும், இடம் உண்டாக்கிக் கொடுப்பதும் அவர் பிழைப்பு. அங்கே கை பிரேக் போட்டுவிட்டுப் போகிறவன் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். மற்றவர்கள் கியரை எடுத்துவிட்டு, வண்டியைச் சும்மா உருளுகிற மாதிரி விட்டுவிட்டுப் போவார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் சாவியையே அவரிடம் கொடுத்துவிடுவார்கள். நஹ்லா முதல் நாளே சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அவளை அந்தத் தெருவில் நிலைநிறுத்தியதும் அவர்தான். மூன்று கால் கேமராவோடு ஒரு பெண் தெருவில் நின்றால் சும்மா விடுவார்களா? யார் நீ, எதற்கு எடுக்கிறாய், அனுமதிச் சீட்டு எங்கே என்று பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பெகீத் நடுவில் புகுந்து, இவர் சாக்கடைத் துறை இன்ஜினியர், குழாய் போட அளவெடுக்க வந்திருக்கிறார் என்று அடித்துவிட்டார். அன்றிலிருந்து யாரும் வாய் திறக்கவில்லை. அவரும் அவளை இன்ஜினியரம்மா என்றே கூப்பிட்டார், அவள் சித்தப்பா என்றாள். மூன்றாம் மாடிக் கிழவர் ஒருவர் மட்டும் வருஷா வருஷம் சன்னலைத் திறந்து, குழாய் எப்போது வரும் என்று கேட்பார்.

இந்த நவம்பரில் கெய்ரோவின் சமாலெக் பகுதிக் கலைக்கூடம் ஒன்றில் அவளுடைய இருபது வருட வேலையையும் ஒன்றாக வைத்து ஒரு பெரிய கண்காட்சி. கூடத்தின் சொந்தக்காரி மதாம் லீலியான், ஒல்லியான, வாய் ஓயாத, நல்ல மனசுக்காரி. நடு அறை முழுக்க 'நகராதது'. பன்னிரண்டு படங்களையும் முதல்முறையாக ஆளுயரத்துக்கு அச்செடுத்து வரிசையாக மாட்ட ஏற்பாடு. வட ஐரோப்பாவிலிருந்து ஓர் அருங்காட்சியகத்துப் பெண்மணி வியாழக்கிழமை வருகிறாள். பன்னிரண்டையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு நிரந்தரமாக மாட்டி வைப்பதாகக் கடிதத்தில் எழுதியிருந்தாள். நாற்பத்து நான்கு வயதில் அதைவிடப் பெரிதாக நஹ்லாவுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாமல், கண்பட்டுவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை படங்களை மாட்ட ரம்ஸி மேஸ்திரி வந்தார். தடித்த மீசை, காதில் பென்சில். ஏணியில் நின்று ரசமட்டம் வைத்துப் பார்த்தபடி, இந்த 128-ஐ ஒரு விரல் தூக்க வேண்டும், லாடா சரியாக இருக்கிறது என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். கீழே டீ குடித்துக்கொண்டிருந்த நஹ்லா நிமிர்ந்தாள்.

"எந்த லாடா, மேஸ்திரி?"

"இதோ, அஞ்சாவது."

"எல்லாம் ஒரே வண்டிதான். ஒரே வண்டியத்தான் பன்னெண்டு வருஷமா எடுத்திருக்கேன்."

ரம்ஸி ஏணியிலிருந்து இறங்கினார். ஒரு பெண்பிள்ளையிடம் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நிஜமாகவே சங்கடப்பட்டார்.

"அம்மா, நான் பதினெட்டு வருஷம் பாடி கட்டற பட்டறையில சுத்தியல் புடிச்சவன். போர்வைக்குள்ள படுத்திருக்கறது பொண்டாட்டியா மாமியாரான்னு கேட்டாக்கூட முழிப்பேன். வண்டியில முழிக்க மாட்டேன்."

அவர் விரலால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். முதல் நாலு படமும் ஃபியட் 128, ஒரே வண்டி. அஞ்சாவது லாடா, பின்பக்கம் பெட்டிபோல நிமிர்ந்து நிற்கிறது பாருங்கள். ஆறாவது ஷாஹீன். ஏழாவது பெஷோ 504, நீளம் அதிகம், உறை எட்டவில்லை, அதுதான் சக்கரத்தை மறைக்கச் செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். எட்டும் ஒன்பதும் மறுபடி அந்த லாடா. பிறகு ஒரு லானோஸ், ஒரு வெர்னா. கடைசி, நிஸ்ஸான் சன்னி, கெய்ரோவில் மூன்றில் ஒன்று அதுதான்.

நஹ்லா பார்த்தாள். பார்க்கத் தெரிந்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூரை ஏறியது, இறங்கியது, பக்கக் கண்ணாடி துணியை முட்டிக்கொண்டிருந்த இடம் முன்னும் பின்னும் நகர்ந்தது. அந்தச் செங்கல் வரிசையைப் பற்றி, மெல்ல எழும்பும் கல்லறை என்று ஒரு முழுக் கட்டுரையே இருந்தது. தலைகீழாகத் தெரிந்த பிம்பத்தில் துணியின் மடிப்புகளையும் வெயிலையும் பார்த்தவள், துணிக்குள் இருந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை.

லீலியானுக்குச் சொன்னதும் அவள் முதலில் கதவைச் சாத்தினாள், பிறகு ரம்ஸிக்கு இன்னொரு டீ கொடுக்கச் சொன்னாள், பிறகு பேசினாள். கண்காட்சி மலரும் அச்சாகிவிட்டது, அழைப்பும் போய்விட்டது. துணிக்குள் இருப்பது துணிக்குள் இருக்கட்டும். அந்த வெளிநாட்டுக்காரிக்கு லாடாவும் தெரியாது, ஷாஹீனும் தெரியாது.

"ரெண்டு நாள் வாய மூடிக்கிட்டு இரு, ஹபீப்தி. அப்புறம் ஆயுசுக்கும் உண்மை பேசு, நான் தடுக்கல."

நஹ்லா காரை எடுத்துக்கொண்டு ஹீலியோபோலிஸுக்குப் போனாள். பாலத்தில் நெரிசலில் நின்ற நேரமெல்லாம் பெகீத்தைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனாள். நன்றாகவும் சேர்த்திருந்தாள்.

பெகீத் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தாளில் சுற்றிய, அவித்த மொச்சை வைத்த ஃபூல் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, மணற்காற்றே இல்லையே, இப்போது எங்கே வந்தீர்கள் என்று சிரித்து, ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினார். சுவரோரம் அவளுடைய இடத்தில் ஏதோ ஒரு சிவப்பு வண்டி நின்றது. உறையும் இல்லை, ஒன்றும் இல்லை.

"சித்தப்பா, என் வண்டி எங்கே?" என்றாள்.

நீட்டிய ரொட்டி அப்படியே நின்றது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல, தெருவே சாட்சி. ஆனால் அன்றைக்கு மறுக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தான் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார்.

வண்டி, அந்தத் தெருவில் குடியிருந்த ஒரு நீதிபதி ஐயாவுடையது என்று சொல்ல ஆரம்பித்தார். நாலாவது வருஷம் குளிர் ஆரம்பத்தில் அவர் காலமானார். மகன் ஒரே வாரத்தில் வண்டியை விற்றுவிட்டு உறையைக் குப்பையில் எறிந்தான். பெகீத் அதை எடுத்து வீட்டில் வைத்தார். அவர் மனைவி ஒவ்வொரு வருஷமும் துவைத்து மடித்து வைப்பாள். நஹ்லா போன் செய்து நாளைக்கு வருகிறேன் என்றதும், யாராவது ஒருவருடைய வண்டியை அந்த இடத்துக்குத் தள்ளி உறையைப் போடுவார். துவைத்த துணியில் மணல் ஏது? மனைவியின் மாவுச் சல்லடையை எடுத்துப்போய் மரத்தடி மண்ணை அள்ளிச் சலிப்பார். எங்கே அதிகம், எங்கே குறைவு என்பது அவள் மூன்றாவது வருஷம் அவருக்குக் கொடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனப்பாடம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அப்புறம்?"

அவர் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "நாலாவது வருஷம் வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? படம் எடுத்து முடிச்சும் அந்தக் கறுப்புத் துணிக்குள்ளருந்து தலைய வெளிய எடுக்கல. என்னமோ ஏதோன்னு கிட்ட வந்தேன். உள்ள அழுதுக்கிட்டிருந்தீங்க. அப்பாவும் போயிட்டாரு, வீட்டுக்காரரும் கனடாவுக்குப் போயிட்டாரு, இந்த வண்டி ஒண்ணுதான், சித்தப்பா, வச்ச எடத்துல இருக்குன்னீங்க. அதுக்கப்புறம் வந்து, வண்டியும் போயிடுச்சும்மான்னு நான் எந்த வாயால சொல்றது?"

பாலத்தில் சேர்த்து வைத்த வார்த்தைகளையெல்லாம் விட்டுவிட்டு நஹ்லா அவர் மடியிலிருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

"சரி, கடைசியா எடுத்த அந்த சன்னி யாரோடது?"

பெகீத் தலையைச் சொறிந்தார். கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, தெருக்காரர்கள் எல்லாரும் வண்டியோடு வெளியே போய்விட்டார்கள், ஒரு சாவிகூடக் கையில் இல்லை என்றார்.

"யாரோடது, சித்தப்பா?"

"உங்களோடதுதான்."

அவளுக்கு அந்தக் காலை அப்படியே நினைவு வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு, வெயில் சுவரில் இறங்கி வர இன்னும் நேரமிருக்கிறது, முனைக் கடையில் போய் டீ குடியுங்கள் என்று அவர் துரத்தியது. திரும்பி வந்தபோது உறை போட்ட வண்டி அடக்கமாக நின்றது. தன் காரையே முக்கால் மணி நேரம் குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுத்தாள். 'நீ ஒருத்திதான் மாறவே இல்ல' என்று அதனிடம் கொஞ்சிப் பேசியதாகக்கூட ஞாபகம். நஹ்லா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் மாடிக் கிழவர் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்தவளின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததும் பெகீத் பயந்துபோனார். உங்கள் பேருக்கு ஏதாவது கெடுதல் வந்துவிடுமா, நான் வேண்டுமானால் யாரிடமாவது வந்து சொல்லட்டுமா என்று கேட்டார்.

ஒன்றும் ஆகாது என்று அவள் சொன்னாள். அது பொய். ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் படங்கள் நல்ல சுவருக்குப் போகும், அவள் பெயர் நிலைக்கும். ஆனால் அந்தச் சுவரில் சல்லடையோடு மண்ணைச் சலித்த மனிதர் இருக்க மாட்டார். இத்தனை வருஷமும் தனி ஆளாக வேலை செய்கிறோம், நமக்கென்று யாரும் இல்லை என்று அவள் இறுமாப்போடும் துக்கத்தோடும் நினைத்திருந்தாள். எட்டு வசந்தம் ஒருவர் அவளுக்காக வண்டி தள்ளியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பழைய கதையையே சொல்ல அவளுக்கு நாக்கு வராது. வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கண்காட்சித் திறப்புக்கு வர வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நஹ்லா தன் முடிவைச் சொன்னதும் லீலியான் கத்தினாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், உன்னோடு இனிப் பேச்சே இல்லை என்றாள். பேச்சு இல்லை என்று சொன்னவள் புதன்கிழமை முழுக்கப் பேசிக்கொண்டே புதுச் சீட்டுகளை அச்சடிக்கக் கொடுத்தாள். ஒவ்வொரு படத்தின் அடியிலும் வருஷம், வண்டியின் பெயர். அதன் கீழே, படம் நஹ்லா. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை, அதற்கும் கீழே இன்னொரு வரி: வண்டியும் தூசியும் பெகீத்.

அருங்காட்சியகத்துப் பெண்மணி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தாள். நஹ்லா அவளை நடு அறைக்குக் கூட்டிப்போய், மறைக்காமல், சல்லடை வரைக்கும் சொன்னாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள், சில இடங்களில் புன்னகைத்தாள். எங்கள் குழு ஒப்புக்கொண்டது ஒரே வண்டியைப் பன்னிரண்டு வருஷம் எடுத்த வேலையை, இது வேறு வேலை, அவர்களிடம் புதிதாகத்தான் கேட்க வேண்டும், இப்போது என்னால் எதுவும் சொல்ல இயலாது என்றாள். கை கொடுத்தாள். கை கொடுத்த விதத்திலேயே பதில் இருந்தது. நஹ்லாவுக்கு வலித்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்தபோது நடு அறையில் சந்தை இரைச்சல். வழக்கமாக அவள் கண்காட்சிகளில் ஜனங்கள் மசூதிக்குள் வந்தவர்கள்போல மெல்லப் பேசுவார்கள். இன்றைக்குச் சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, இது என்ன வண்டி சொல் பார்க்கலாம் என்று ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகளை இறக்கிவிட்டு வெளியே நின்ற டிரைவர்களைக்கூட யாரோ உள்ளே இழுத்து வந்திருந்தார்கள். வெர்னாவை லானோஸ் என்று சொல்லிவிட்ட ஒரு பேராசிரியரை அவருடைய டிரைவரே எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தார். ரம்ஸி மேஸ்திரி நடுவராக நின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெகீத் ஆறரைக்கு வந்தார். இஸ்திரி போட்ட கலாபியா, தோளில் பழுப்புச் சால்வை, முகச்சவரம். வாசலிலேயே தயங்கியவரை நஹ்லா கைபிடித்து அழைத்து வந்தாள். இவர்தான் அவர் என்று தெரிந்ததும் கூட்டம் வழி விட்டது. தன் பெயர் அச்சில் இருந்த சீட்டை அவர் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அடுத்த சீட்டையும் படித்தார். எட்டுச் சீட்டையும் படித்து முடித்தார். பிறகு திரும்பி ஆறாவது படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பின்னால் இரண்டடி போய்ப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். அவர் முகம் வாடியிருந்தது. என்ன ஆயிற்று, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று நஹ்லா பதறி அருகில் போனாள்.

"இத எடுத்துடலாமாம்மா?" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"ஏன், சித்தப்பா?"

"ஒரு சாண் முன்னால தள்ளியிருக்கணும். மர நிழல் வண்டியோட முதுகுல விழாம கழுத்துல விழுந்திருக்கு. அன்னிக்கு இடுப்பு வலி, இது போதும்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

நஹ்லா அவர் பக்கத்தில் நின்று அந்தப் படத்தைப் பார்த்தாள். ஆறு வருஷமாக அந்த ஒரு படம் மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. நிழல் சரியில்லை, ஒரு சாண் தப்பிப்போய்விட்டது என்று தெரியும், எதனால் என்று தெரியாது. கேமராவைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டிருந்தாள். அதை அவள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, சொன்னால் புரிந்துகொள்ள உலகத்தில் யாரும் இல்லை என்று நினைத்திருந்தாள்.